யாருடைய செலவில் தியாகம்?

கேள்வி: எனக்கு வயது 52. புதுச்சேரியில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஆலயச் சமூகத்தில்) அன்பியம் என்ற அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுவின் பொறுப்பாளர், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைச் செயலாளர், பங்கு நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவை உறுப்பினர். நான் இல்லாமல் பங்கில் ஒன்றும் நகராது என்று எல்லாரும் சொல்வார்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் தாயார், வீட்டிலேயே தையல் வேலை செய்யும் மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள் என்று எங்கள் குடும்பம் சிறியது. 2024இல் ஃபெஞ்சல் புயல் மழையின்போது இரவு பகல் பாராமல் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. மனைவியும் மகளும்தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் மாடி வீட்டில் சேர்த்தார்கள். அதன் பிறகு ஓர் ஏழையின் சிகிச்சைக்காக மனைவியின் சங்கிலியை அடகு வைத்தேன். இன்னும் மீட்க முடியவில்லை.

இந்த ஆண்டு பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரும் பாதம் கழுவும் சடங்கில் பன்னிருவரில் ஒருவனாக என்னை உட்கார வைத்தார்கள். வீடு திரும்பியபோது மனைவி அம்மாவின் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "கோவிலில் உங்கள் காலைக் கழுவிவிட்டார்கள். இங்கே கழுவ வேண்டிய கால் இரண்டு கிடக்கிறது" என்றார். எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. இப்போது பேரவைத் துணைத் தலைவர் பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். கிறிஸ்து நமக்காகத் தம்மையே கொடுத்தார். கணவனே குடும்பத்தின் தலை என்று பவுலும் சொல்கிறார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பெரியவர்கள் சொன்னதை நம்பி வாழ்கிறவன் நான். இதுவரை யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை. தியாக அன்பு என்றால் என்ன என்பதை என் மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

துணைத் தலைவர் பொறுப்பை இந்த முறை ஏற்க வேண்டாம். காரணங்களைச் சொல்லிவிட்டு முடிவுக்கு வருவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் உங்கள் கடிதம் முழுவதும் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடுகிறது. நான் வரவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிட்டால், மற்றதை நாம் நிதானமாகப் பேசலாம்.

உங்கள் சேவையை வேஷம் என்று நான் நினைக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் கொண்டுவந்து தரும் சோற்றுப் பொட்டலத்தை வாங்குகிறவர், தருகிறவரின் வீட்டு நிலவரத்தை விசாரித்துவிட்டா வாங்குவார்? அந்தப் பசி உண்மை, நீங்கள் ஆற்றியதும் உண்மை. மனைவி சொன்ன ஒரு வரியில் தூக்கம் தொலைத்தீர்கள் என்பதும் உங்களைப் பற்றி நல்லதையே சொல்கிறது. தடித்துப்போன மனம் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கும்.

இருந்தாலும், நீங்கள் தியாகங்கள் என்று எழுதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு விலை கொடுத்தது யார் என்று பார்த்தேன். சங்கிலி மனைவியுடையது. மாலை நேரங்கள், மகள் உங்களிடம் பாடத்தில் சந்தேகம் கேட்டிருக்கக்கூடிய அல்லது சும்மா வாயாடியிருக்கக்கூடிய நேரங்கள். வெள்ளத்தில் தூக்கப்பட்டவர் உங்களைப் பெற்றவர். தூக்கிய தோள்கள் வேறு இருவருடையவை. உங்கள் கணக்கில் மிஞ்சுவது தூக்கமும் பெட்ரோல் செலவும்தான்.

விவிலியத்தில் 2 சாமுவேல் நூலின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கொள்ளைநோய் நிற்க வேண்டும் என்று பலி செலுத்துவதற்காக, தாவீது அரவுனா என்பவரின் போரடிக்கும் களத்துக்குப் போகிறார். அரவுனா களத்தைத் தருகிறேன் என்கிறார், பலிக்கு மாடு தருகிறேன் என்கிறார், விறகுக்கு நுகத்தடியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அரசர் வாசலில் வந்து நிற்கும்போது வேறென்ன சொல்வார்? தாவீதுதான் மறுக்கிறார். எனக்குச் செலவில்லாததை என் கடவுளுக்குப் பலியாகக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, களத்துக்கும் மாட்டுக்கும் 50 வெள்ளிக்காசு எண்ணிக் கொடுக்கிறார். அரவுனாவாவது தானாக முன்வந்தார். உங்கள் மனைவி தானாகக் கழற்றிக் கொடுத்தாரா, நீங்கள் கேட்டு வாங்கினீர்களா, அல்லது பீரோவைத் திறந்து எடுத்தீர்களா என்பது கடிதத்தில் இல்லை. "அடகு வைத்தேன்" என்று மட்டும் இருக்கிறது.

இன்னும் கசப்பான பகுதி மாற்கு 7இல் இருக்கிறது. தாய் தகப்பனுக்குப் போய்ச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதன் பிறகு பெற்றோருக்கு அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிற வழக்கம் அன்று இருந்தது. பக்தியின் பெயரால் வீட்டுக் கடமையிலிருந்து கழன்றுகொள்ள அப்படி ஒரு சட்டபூர்வமான சந்து! உங்கள் மரபைக் காப்பாற்றக் கடவுளின் கட்டளையையே செல்லாததாக்கிவிட்டீர்கள் என்று இயேசு முகத்துக்கு நேராகச் சாடுகிறார். அந்த வாசகத்தைத் திருப்பலியில் கேட்கும்போதெல்லாம் அன்றைய சமயவாதிகளான பரிசேயருக்குச் சொன்னது என்று நாம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம்.

கணவன் தலை என்று பவுலைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். எபேசியர் 5இல் அந்தப் பகுதி தொடங்குவதற்கு முந்தைய வசனம் எல்லாரும் ஒருவருக்கு ஒருவர் பணிந்திருக்கச் சொல்கிறது. பிறகு மனைவியருக்கு மூன்று வசனங்கள். அடுத்து வருவது கணவருக்கு, அது ஒன்பது வசனங்கள் நீள்கிறது. அதன் சாரம், கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் நீங்கள் மனைவியிடம் அன்பு காட்டுங்கள் என்பது. மனைவிக்குத் தியாகத்தைக் கற்றுக்கொடுங்கள் என்று கணவருக்கு அங்கே எந்தக் கட்டளையும் இல்லை. யோவான் 10இல் இயேசு, என் உயிரை என்னிடமிருந்து யாரும் பறித்துக்கொள்வதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்கிறார். தானாகக் கொடுப்பதற்குத்தான் தியாகம் என்று பேர். உங்களுக்காக இன்னொருவர் தியாகம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தால் அது வசூல்.

இந்த இடத்தில் மற்ற வாசகியருக்கு ஒரு சொல். அடியையும் உதையையும் 'உன் சிலுவை, சுமந்துகொள்' என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள், சொல்கிறவர் அங்கி அணிந்தவராக இருந்தாலும். பெண்களுக்கான உதவி எண் 181. இந்தச் சகோதரர் வீட்டில் அப்படி எதுவும் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. ஆனால் இதே வேதவசனங்களை இந்த விதமாகவும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

இனிப் பெரிய வியாழனுக்கு வருவோம். யோவான் 13இல் அந்தப் பாதம் கழுவுதல் எங்கே நடக்கிறது? கோவில் முற்றத்தில் இல்லை, கலிலேயாவின் கூட்டத்துக்கு நடுவிலும் இல்லை. ஒரு வீட்டுக்குள், சாப்பாட்டு வேளையில், கதவுக்கு வெளியே யாரும் பார்க்காதபோது நடக்கிறது. கழுவப்பட்டவை முன்பின் அறியாதவர்களின் கால்களும் அல்ல. கூடவே உண்டு, கூடவே உறங்கி, யார் பெரியவன் என்று சண்டை போட்டு எரிச்சலூட்டிய பன்னிரண்டு பேரின் கால்கள். அன்றாடம் முகத்தில் விழிக்கிறவர்களுக்குச் செய்யும் பணிவிடையில் புகழ் கிடைக்காது. யூத மரபுரை ஒன்றில், எபிரேய அடிமையிடம்கூட இந்த வேலையை வாங்கக்கூடாது என்றிருக்கிறது, அவ்வளவு கீழானதாக அது கருதப்பட்டது. யோவான் இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். தந்தை எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார் என்பதையும், தாம் கடவுளிடமிருந்து வந்து கடவுளிடமே போகிறோம் என்பதையும் அறிந்தவராய் அவர் எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டார். தாம் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வேலையை வைத்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை. பங்கில் ஒரு பொறுப்பும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் நீங்கள் யாராக இருப்பீர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம், ஆனால் கேட்டுப்பாருங்கள்.

பேதுரு காலை நீட்ட மறுத்தார். நீர் என் பாதங்களைக் கழுவ விடவே மாட்டேன் என்றார். பணிவு போலத் தெரியும் அந்த மறுப்பை இயேசு ஏற்கவில்லை, அப்படியானால் என்னோடு உனக்குப் பங்கு இல்லை என்றார். யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வணங்குகிற ஆண்டவர் கேட்டு வாங்கியவர். சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார், எருசலேமுக்குள் இரவல் கழுதையில் போனார், கடைசி இரவுணவுகூட இன்னொருவர் வீட்டு மாடியறையில்தான். யோவன்னா, சூசன்னா முதலான பெண்கள் தங்கள் உடைமையிலிருந்து அவருக்கும் சீடருக்கும் செலவு செய்ததை லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். நீங்கள் யாரிடமும் கேட்டதில்லை என்பது சரியாகவே இருக்கலாம். ஒருவரிடமிருந்து மட்டும் நாள்தோறும் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் இல்லாமல் ஒன்றும் நகராது என்ற வரியை நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே கவலையான வரி. விடுதலைப் பயணம் 18இல் மோசேயின் மாமனார் இத்திரோ பாளையத்துக்கு வருகிறார். தனியாக வரவில்லை, மோசே அனுப்பிவைத்திருந்த மனைவி சிப்போராவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார். ஒரு மக்களினத்தையே கடல் கடக்க வைத்தவரின் குடும்பம் அதுவரை மாமனார் வீட்டில் இருந்திருக்கிறது! மறுநாள் காலையிலிருந்து மாலை வரை மோசே ஒருவரே உட்கார்ந்து வழக்கு கேட்பதையும் ஜனங்கள் கால்கடுக்க நிற்பதையும் அவர் பார்க்கிறார். நீ செய்வது நல்லதல்ல, நீயும் களைத்துப்போவாய், இந்த மக்களும் களைத்துப்போவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்து என்கிறார். மருமகனுக்கு இப்படி முகத்துக்கு நேராகச் சொல்லும் மாமனார் நம் ஊரில் அரிது. அதைக் கேட்டு அப்படியே செய்யும் மருமகன் அதைவிட அரிது.

பணியாளராக இருப்பவரே தலைவர் என்ற பேச்சை நிர்வாக உலகத்தில் 1970இல் கிளப்பியவர் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர், ஒரு பெரிய தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அவர் வைத்த சோதனை எளிது. பணிவிடை பெறுகிறவர்கள் அதனால் வளர்கிறார்களா, முன்பைவிடச் சுதந்திரமானவர்களாகித் தாங்களும் பணிவிடை செய்யத் தொடங்குகிறார்களா? உங்கள் அன்பியத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நீங்கள் ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தால் ஜெபக் கூட்டம் நடக்குமா? அறிக்கை எழுத, கணக்குப் பார்க்க, நோயாளியைப் போய்ப் பார்க்க இன்னொருவரைப் பழக்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்களைச் சுற்றி இருப்பவர்களை நீங்கள் பார்வையாளர்களாகவே வைத்திருக்கிறீர்கள்.

வின்சென்ட் தே பவுல் சபையின் செயலாளருக்கு அந்தச் சபையின் வரலாற்றையே நினைவூட்டலாம். 1833இல் பாரிஸ் நகரில் அதைத் தோழர்களோடு தொடங்கிய பிரெடரிக் ஓசானாம் அப்போது 20 வயது மாணவர். பிறகு பேராசிரியரானார், ஏழைகளுக்காக எழுதினார், அலைந்தார், 40 வயதிலேயே இறந்தார். இவரைவிட வேலைப் பளு உங்களுக்கு அதிகம் என்று சொல்ல முடியாது. 1841 ஜூன் 23 அன்று அமேலியைத் திருமணம் செய்துகொண்டவர், ஒவ்வொரு மாதமும் 23ஆம் தேதி மனைவிக்குப் பூ கொடுத்துவந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1997இல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது. சபையின் நடைமுறையையும் பாருங்கள். கூட்டத்தில் இரகசியப் பை சுற்றிவரும், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. யாருக்கு எவ்வளவு உதவி என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். வீடு தேடிப் போகும்போது இருவராகப் போவார்கள். ஒருவர் தனியாக வள்ளலாகிவிடாமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடும் என்று எனக்குத் தோன்றும். நீங்கள் சங்கிலியை அடகு வைத்ததை எந்தக் கூட்டம் முடிவு செய்தது?

இனிச் செய்ய வேண்டியவை. அடகுச் சீட்டை எடுத்துத் தவணை முடியும் தேதியைப் பாருங்கள், தவறினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். வருங்கால வைப்பு நிதி இருந்தால் அதில் முன்பணம் எடுக்கலாம், உங்கள் வண்டியை விற்கலாம். எப்படியானாலும் பணம் உங்களுடையதாக இருக்க வேண்டும், மனைவியின் தையல் வருமானத்தைத் தொடக்கூடாது. மீட்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தாயாரை இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? புரண்டு படுக்க முடியாதவர்களைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் அலாரம் வைத்துக்கொண்டோ வைக்காமலோ எழுந்துகொண்டிருக்கிறார். வாரத்தில் சில இரவுகளை முழுமையாக நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். விரிப்பை மாற்றுவது எப்படி, சரிந்த பக்கத்துத் தோளை இழுக்காமல் தூக்குவது எப்படி, கால்விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடைப்பது எப்படி என்று மனைவியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கேட்பது உங்களுக்குப் பழக்கமில்லை என்பதால் முதலில் கூச்சமாக இருக்கும். அவர் சொல்லும்போது பொறுமை இழப்பார், 'விடுங்கள், நானே செய்கிறேன்' என்பார். விட்டுவிடாதீர்கள். அதற்காகப் பாராட்டை எதிர்பார்க்கவும் வேண்டாம். உங்கள் மாற்றத்தை அவர் நம்பவே சில மாதங்கள் ஆகலாம், நம்ப மறுப்பது அவருடைய உரிமை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கும் பழமொழியை நம்பி வாழ்வதாக எழுதியிருக்கிறீர்கள். தன் பிள்ளைக்கு ஊட்ட வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் ஆண்கள் அதைச் சொல்லிக்கொள்கிறார்கள். பிளஸ் டூ முடிந்து உங்கள் மகள் கல்லூரிக்கு எந்த ஊருக்குப் போவாள் என்று தெரியாது. இருக்கிற மாதங்களில் ஒரு மாலை அவளையும் அழைத்துக்கொண்டு, சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். தாயாரைப் பார்த்துக்கொள்ள, பங்கில் நீங்கள் உதவிய எத்தனையோ குடும்பங்களில் ஒன்றைக் கேளுங்கள். ஆம், கேளுங்கள். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்தில் யாராவது நகராமல் நின்றால், நிற்கட்டும்.

பாதம் கழுவும் சடங்கைத் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1955இல் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குள் கொண்டுவந்தார். அறுபது ஆண்டு கழித்து, 2016இல், திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களும் அந்த இருக்கையில் அமரலாம் என்று ஒழுங்கை மாற்றினார். அடுத்த ஆண்டு பெயர் கேட்டால் உங்கள் மனைவியின் பெயரைக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், அதையும் ஒரு சேவையாக்கிவிட வேண்டாம்.

துணைத் தலைவர் பொறுப்பு பற்றிப் பங்குத்தந்தையிடம் ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்று பேசாதீர்கள். அங்கே பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் யார் என்று கேட்பார்கள், நீங்களும் இளகிவிடுவீர்கள். வாரநாளில் நேரம் கேட்டு, மனைவியோடு பங்கு இல்லத்துக்குப் போங்கள். அன்பியத்தில் உங்கள் இடத்துக்குப் பழக்க நினைக்கும் இருவரின் பெயரைச் சொல்லுங்கள், இந்த முறை துணைத் தலைவராக முடியாது என்று சொல்லுங்கள். ஏன் என்று அவர் கேட்டால், பதிலை உங்கள் மனைவி சொல்லட்டும். நடுவில் குறுக்கிடாதீர்கள்.